ஆனைமுடியை ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா?

மதுரையிலிருந்து விடியுமுன் காரில் புறப்பட்டு, கேரளத்தில் மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்காவில் ஆனைமுடிச் சிகரத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவே வீடு திரும்ப முடியுமா, உச்சிவரை ஏற அனுமதி கிடைக்குமா, பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை அதற்கு ஏற்ற நாளா என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மாவும் 9 வயது மகனும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தபோது, நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது ஒன்றுதான் என்று தோன்றியது: வயதான தாயைப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் காரில் உட்கார வைத்து அழைத்துச் செல்கிற அந்த ஒரு நாளில் மலை கண்ணுக்குத் தெரியுமா, அல்லது மூடுபனியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப நேருமா? அதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். தாவரவியல் ஆசிரியராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்களை அந்த மலைக்கு அழைத்துச் சென்று வருபவன் நான். வனத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். ஆகவே செடி, விலங்கு, வானிலை, வழி ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். கட்டணம், திறக்கும் நாள் போன்ற, ஆண்டுக்கு ஆண்டு மாறும் விவரங்களைப் புறப்படுமுன் கேரள வனத்துறையின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

உறுதியான விடைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உச்சிக்கு ஏறச் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை ஏற்ற நாள் அன்று. வரையாடுகள் குட்டி ஈனும் காலமென்று பூங்காவை வழக்கமாக பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் இறுதிவரை மூடிவிடுகிறார்கள். மூடும் தேதியும் திறக்கும் தேதியும் சில நாட்கள் முன்பின் ஆகலாமே தவிர, பிப்ரவரியின் நடுப்பகுதியில் கதவு திறந்திருக்கும் என்று எண்ணிக் கிளம்புவது வீண். ஒரே நாளில் போய்த் திரும்புவது கூடும். ஆனால் நீங்கள் வகுத்திருக்கும் முறையில் அது உங்கள் தாய்க்குத் தண்டனையாகிவிடும் என்பதால், வேறு ஒரு முறையைக் கீழே சொல்கிறேன்.

ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. நம்மூரில் பலர் தொட்டபெட்டாதான் தென்னாட்டின் உயர்ந்த சிகரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் உயரம் 2,637 மீட்டர். தொட்டபெட்டாவின் தலைக்கே கார் போகும், ஆனைமுடியின் தலைக்குப் பாதையே கிடையாது என்பதால் அந்த மயக்கம் இயல்பானதுதான். இன்னொரு மயக்கம் உங்கள் பயணத்தையே கெடுக்கக்கூடியது. ஆனைமுடிச்சோலை தேசியப் பூங்கா என்று தனியாக ஒன்று உண்டு. மன்னவன் சோலை முதலிய காடுகளைச் சேர்த்து 2003-இல் அமைக்கப்பட்ட அது, மறையூர், காந்தலூர்ப் பக்கம் இருக்கிறது. பெயரில் ஆனைமுடி இருந்தாலும் சிகரம் அங்கே இல்லை. அது இரவிகுளம் பூங்காவுக்குள் இருக்கிறது. கைபேசி வரைபடத்தில் ‘ஆனைமுடி தேசியப் பூங்கா’ என்று தேடிப் புறப்பட்டவர்கள் சோலைக்குள் போய் நின்று, சிகரம் எங்கே என்று கேட்டதை நானே கண்டிருக்கிறேன். நீங்கள் தேட வேண்டிய இடம் ராஜமலை. மூணாறிலிருந்து மறையூர் செல்லும் சாலையில், ஐந்தாம் மைல் என்று உள்ளூரில் சொல்லப்படும் இடத்தில் அதன் நுழைவுச்சீட்டு நிலையம் இருக்கிறது.

உச்சிக்கு ஏன் விடுவதில்லை என்று உங்கள் மகன் கட்டாயம் கேட்பான் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆனைமுடி ஏற முடியாத மலை அன்று. சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1862-இல் உச்சியை அடைந்ததுதான் பதிவான முதல் ஏற்றம். அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே அந்த மலைகளில் வாழும் முதுவர்கள் ஏறியிருக்கக் கூடும் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏறியதை எழுதிவைக்கும் வழக்கம்தான் அவர்களுக்கு இல்லை. தேயிலைத் தோட்டங்கள் வந்தபின் இந்த மேட்டுநிலம் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்காடாக இருந்தது. 1971-இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலைநிலங்களை மீட்கும் சட்டத்தைக் கொண்டுவந்து, தேயிலை பயிரிடப்படாத நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975-இல் இது சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. மொத்தப் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். அதில் ராஜமலை என்னும் ஒரு சிறு மூலை மட்டுமே பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. மற்றதெல்லாம் விலங்குகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் காவலர்களுக்கும் உரியது.

அந்த மற்றதில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2010-இல் ஆனைமுடியின் உயர்ந்த சரிவுகளிலிருந்து ஒரு தவளையை அறிவியலாளர்கள் புதிதாக விவரித்தார்கள். தீக்கங்கு போன்ற செம்மஞ்சள் நிறம்; குட்டையான கால்கள்; தாவுவதைவிட ஊர்ந்து செல்வதே அதற்கு வழக்கம். இந்தத் தவளைப் பேரினத்தில் தண்ணீரில் நீந்தும் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது, முட்டைக்குள்ளேயே வளர்ந்து குட்டித் தவளையாக வெளிவரும். உலகில் அது வாழும் இடம் அந்த மலைமுடிகளைச் சுற்றிய சிறு பகுதிதான். ஈரமான புல்லடியில் ஒடுங்கிக் கிடக்கும் அதன்மேல் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் செருப்புகள் நடந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் மகனே சொல்லிவிடுவான். அந்தத் தடை விலகாமல் இருக்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். ஏறியே ஆக வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், தெற்கின் மற்றோர் உயர்ந்த சிகரமான மீசைப்புலிமலைக்கு, 2,640 மீட்டர், கேரள வன வளர்ச்சிக் கழகம் வழிகாட்டியோடு அழைத்துச் செல்கிறது. அது அம்மாவுக்கு ஆகாது. இன்னொரு முறை நீங்கள் தனியே போய் வரலாம்.

இப்போது பிப்ரவரிக்கு வருகிறேன். வரையாடுகள் மழைக்காலத்தில் இணைசேர்கின்றன. சினைக்காலம் ஏறத்தாழ ஆறு மாதம். ஆகவே பெரும்பாலான குட்டிகள் ஜனவரி, பிப்ரவரியில் பிறக்கின்றன. ஒரு ஈற்றுக்கு வழக்கமாக ஒரு குட்டிதான். அந்த நாட்களில் தாய் மந்தையை விட்டு விலகி, செங்குத்தான பாறைத் திட்டில் ஈனும். குட்டி சில நாட்களுக்குள் அந்தப் பாறையில் கால் பழகிக்கொள்ள வேண்டும். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் வரையாட்டுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, வேறெதுவும் கால் வைக்க அஞ்சும் பாறைமுகத்தில் ஏறி நின்றுகொள்வதுதான். வரை என்றாலே மலைதான். பெயரிலேயே மலையைச் சுமக்கும் ஆடு அது. சங்கப் பாடல்களில் வரும் வருடை இதுவே என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். பழைய விலங்குப் பெயர்களை இன்றைய இனங்களோடு பொருத்துவதில் முழு உறுதி கூடாது என்றாலும், குறிஞ்சி நிலத்துச் சிமையங்களில் தாவும் விலங்கு என்ற வருணனைக்கு வேறு எதுவும் இவ்வளவு பொருந்தவில்லை. தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. ஆனால் உலகிலேயே மிகுதியாக ஓரிடத்தில் வாழ்வது எல்லைக்கு அப்பால் இந்த இரவிகுளத்தில்தான். அழியும் ஆபத்திலுள்ள இனமாகவே இன்றும் பட்டியலில் இருக்கிறது. அந்த இரண்டு மாத மூடலை ஒரு தடங்கலாக எண்ணாமல், நம் மாநில விலங்கின் பிரசவ அறைக் கதவு சாத்தியிருக்கிறது என்று உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள்.

அப்படியானால் எப்போது போவது? இங்கேதான் உறுதியும் ஐயமும் கலக்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அந்த மலைச்சரிவில் முழு வேகத்தோடு மோதுகிறது. அந்த நான்கு மாதமும் சிகரம் தெரிந்தால் அது உங்கள் நற்பேறு. அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்கு மழை, ஆனால் இரண்டு மழைகளுக்கு நடுவே வானம் கழுவிவிட்டதுபோல் தெளியும் காலைகள் உண்டு. டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடியும்வரை காற்று உலர்ந்து, சிகரம் தெரியும் நாட்கள் கூடுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் காலை நன்றாக இருக்கும், பிற்பகலில் இடிமழை வரும். கோடை விடுமுறைக் கூட்டமும் சேரும். இவ்வளவு சொன்ன பிறகும், குறிப்பிட்ட ஒரு நாளில் மலை தெரியுமா என்று எவராலும் உறுதி கூற முடியாது. மாதத்தைவிட நேரமே முக்கியம் என்பது என் இத்தனை ஆண்டு அனுபவம். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் படிந்து கிடக்கும். அதிகாலையில் உச்சிகள் தெளிவாக நிற்கும். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மலையை ஒட்டி மேலே எழும். குளிர்ந்த உயரத்தை எட்டியதும் அது மேகமாகிச் சிகரத்தைப் போர்த்திவிடும். நல்ல பருவத்திலும் பத்தரை, பதினோரு மணிக்கு இது நடந்துவிடக்கூடும்.

ஒரு ஜனவரிக் காலையில் பன்னிரண்டு மாணவர்களோடு முதல் பேருந்தில் ஏறிப் போனேன். புல்லின் நுனிகளில் உறைபனி வெள்ளையாக அரும்பியிருந்தது. நாங்கள் நின்ற சாலை இன்னும் மலையின் நிழலில் கிடக்க, எதிரே பாறையின் மேல்விளிம்பில் மட்டும் மஞ்சள் வெயில் பட்டு, ஒவ்வொரு நிமிடமும் ஒரு முழம்போல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. மறு ஆண்டு அதே மாதத்தில் வேறொரு குழுவோடு போனபோது, மூணாறில் காலை உணவுக்காகத் தாமதித்து, நுழைவுச்சீட்டு வரிசையில் நின்று, பதினொன்றே காலுக்கு மேலே சேர்ந்தோம். மூன்று மணி நேரம் காத்திருந்தும், இருபது அடி தொலைவிலிருந்த சாலையோரக் கம்பி வேலிக்கு அப்பால் எதையும் பார்க்கவில்லை. மலையும் அதே, மாதமும் அதே. இடையில் மாறியது மூன்று மணி நேரம் மட்டும்தான்.

இந்தக் காரணத்தால்தான் மதுரையிலிருந்து நேரே கிளம்புவதை நான் ஏற்கவில்லை. தேனி, போடிநாயக்கனூர், போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினாலும் நான்கரை மணி நேரம் ஆகும். திறக்கும்போது, அதாவது காலை எட்டு மணியளவில், வாசலில் நிற்க வேண்டுமானால் மூன்று மணிக்கே புறப்பட வேண்டும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை இருட்டிலும் மூடுபனியிலும், தூங்காத கண்ணோடு ஏற வேண்டும். அதற்குப் பதிலாக முதல் நாள் மாலையே போடியிலோ தேனியிலோ வந்து தங்கிவிடுங்கள். அதிகாலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் வளைவுகளில் ஏறும்போது வெளிச்சம் வந்துவிடும். போடியிலிருந்து மூணாறு ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். உங்கள் ஒரே நாள் பயணம் அப்போது உண்மையிலேயே ஒரே நாளாக அமையும், அம்மாவும் தூங்கி எழுந்த முகத்தோடு மலையைப் பார்ப்பார். தேவிகுளத்துக்கு முன்னால் வரும் கேப் ரோடு பகுதியில் மழைக்காலத்தில் பாறைச்சரிவு நேர்வது வழக்கம். மழைநாளில் கிளம்புவதாயின் வழி திறந்திருக்கிறதா என்று போடியிலேயே விசாரித்துவிடுங்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக வரும் சாலை இன்னும் அழகானது, ஆனால் மதுரைக்காரர்களுக்கு அது சுற்றுவழி. யானைகள் கடக்கும் காட்டுச்சாலை என்பதால் அந்தி சாய்ந்தபின் அதில் இருக்கவே கூடாது.

நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே, நாளின் முதல் நேரப்பிரிவுக்கு வாங்கிவிடுங்கள். சனி, ஞாயிறும் ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறைகளும் வேண்டாம். பள்ளிக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தால் மகனுக்குக் கிடைப்பது பெரிது. ஐந்தாம் மைலில் உங்கள் காரை விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில் ஏற வேண்டும். தேயிலைத் தோட்டங்களின் ஊடே சில கிலோமீட்டர் ஏறி, ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் அது உங்களை இறக்கிவிடும். அங்கிருந்து ஒரு தார்ச்சாலை, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், மெல்லிய ஏற்றமாகப் போகிறது. அதன் முடிவுவரை நடந்து திரும்பலாம், சாலையை விட்டு விலகக் கூடாது. உங்கள் அம்மாவுக்கு ஏற்றம் செங்குத்தாக இராது, ஆனால் முழங்காலுக்கு இறக்கம்தான் வலிக்கும். முதியோர்க்காக மின்கல வண்டி ஓடுகிறது. இருக்கைகள் குறைவு, ஆகவே அதையே நம்பிப் போகாமல் ஒரு கைத்தடி எடுத்துச் செல்லுங்கள். முழுச் சாலையும் நடக்க வேண்டிய கட்டாயமே இல்லை. முதல் இருநூறு மீட்டருக்குள்ளேயே மலையும், பெரும்பாலான நாட்களில் ஆடும் தெரிந்துவிடும்.

அங்கே நின்றதும் ஒரு குழப்பம் வரும். சாலையின் தலைக்கு மேலே செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறையைத்தான் எல்லோரும் ஆனைமுடி என்று படமெடுத்துக்கொள்கிறார்கள். ராஜமலைச் சரிவை நாய்கொல்லி மலையும் ஆனைமுடியும் சேர்ந்து அணைத்து நிற்கின்றன. கண்ணெதிரே இருப்பது எது, பின்னால் இருப்பது எது என்று அங்குள்ள காவலரைக் கேட்டால் கைநீட்டிக் காட்டுவார், அவர்களில் பலர் நன்றாகத் தமிழ் பேசுவார்கள். மலையின் காலடியில் நிற்பவருக்கு அதன் தோளும் விலாவும்தான் தெரியும். மேலிருந்து கீழ்வரை நீர் வழிந்து கறுத்த கோடுகள் ஓடும் நைஸ் (gneiss) என்னும் உருமாறிய பாறை, அதன் வெடிப்புகளில் ஒட்டிய புல், இடுக்கில் சோலை எனப்படும் இருண்ட மலைக்காடு. யானையின் மத்தகம் போன்ற முழு வடிவத்தைக் காணச் சற்று விலகி நிற்க வேண்டும். அதற்கான இடத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வரையாடுகளைப் பற்றி உங்கள் மகனிடம் முன்பே பேசி வையுங்கள். ராஜமலை மந்தை மனிதருக்குப் பழகிவிட்டது. மூன்று கை தொலைவில் நின்று புல் மேயும். ஒருமுறை, மூடுபனி விலகிய சற்று நேரத்தில், ஒரு கிடா சாலையோரத் திட்டில் அசையாமல் நின்றது. வயது முதிர்ந்த கிடாக்களுக்கு உடம்பு கருத்து, முதுகின் நடுவே சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு தோன்றும்; அந்தத் திட்டின் ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு நீர்த்துளி நின்றிருந்தது. அது அசைபோடும் ஒலி எங்களுக்குக் கேட்டது. பிறகு திரும்பி, சுவர்போன்ற பாறையில் நான்கே தாவலில் மேலேறிவிட்டது. குளம்பின் நடுவே ரப்பர் போன்ற மெத்தை இருப்பதால்தான் அந்தப் பிடிமானம். தொடக் கூடாது, தீனி கொடுக்கக் கூடாது என்பது விதி மட்டுமன்று. உப்புக் கடலையும் பிஸ்கட்டும் தின்னப் பழகிய ஆடு சாலையை விட்டு அகலாது, அடுத்த முறை சிறுத்தை வரும்போது அது பாறையிலிருந்து தொலைவில் இருக்கும்.

நீலக்குறிஞ்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்களிடம் சொல்லி ஆசைகாட்டுவார்கள். இரவிகுளத்தில் அது 12 ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பூக்கிறது; 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது, அடுத்து 2030-இல், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. ஒவ்வோர் ஆண்டும் ‘குறிஞ்சி பூத்தது’ என்று வரும் செய்திகள் பொய்யல்ல; அதே பேரினத்தில் வேறு பல இனங்கள் வேறு வேறு சுழற்சியில் பூக்கின்றன, வேறு மலைகளிலும் தனித்தனிக் கூட்டங்கள் உண்டு. ஆனால் ராஜமலைச் சரிவு முழுவதும் நீலமாவது 2030-இல்தான். 2018-இல் பூ தொடங்கிய ஆகஸ்டிலேயே பெருவெள்ளம் வந்து, மூணாறுக்கும் ராஜமலைக்கும் இடையிலுள்ள பெரியவரைப் பாலம் இடிந்துபோனது. பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தவர்களில் பலரால் மேலே போகவே முடியவில்லை. இப்போது போனால் சாலையோரத்தில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும், சொரசொரப்பான இலைகொண்ட பூவற்ற புதர்களைப் பார்ப்பீர்கள். அவை 2018-இல் பூத்துக் காய்த்து மடிந்த செடிகளின் விதையில் முளைத்தவை.

ஒரு தாவரவியல்காரனாக உங்களை ஒரு நிமிடம் நிறுத்திக் காட்ட விரும்புவது புல்வெளிதான். பலர் அதைப் பார்த்துவிட்டு, இங்கே ஏன் மரம் நடக்கூடாது என்று கேட்கிறார்கள். புல்வெளி இங்கே காட்டை வெட்டியதால் வந்ததல்ல. நீலகிரியின் சதுப்புப் படிவங்களில் செய்த ஆய்வுகள், இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த உயரங்களில் புல்வெளி இருந்ததைக் காட்டுகின்றன. திறந்த சரிவில் உறைபனி சோலை மரக்கன்றுகளைக் கொன்றுவிடும், புல் தாங்கிக்கொள்ளும்; அதனால் சோலை மடிப்புகளிலும் புல் மேட்டிலும் நிற்கின்றன. தீயும் மேய்ச்சலும் அந்த எல்லைக்கோட்டை எவ்வளவு நகர்த்தின என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. உறுதியானது நீர். அந்தப் புல்லும் அதன் அடி மண்ணும் பிடித்து வைத்து மெல்ல விடும் தண்ணீரில் ஒரு பங்கு மேற்கே பெரியாற்றுக்குப் போகிறது. கிழக்கே இறங்கும் பாம்பாறு அமராவதியில் சேர்ந்து, காவிரிக்கு வருகிறது. கரூரில் வயலுக்குப் பாயும் தண்ணீரில் ஆனைமுடியின் மழையும் இருக்கிறது.

மழைக்காலத்தில் போகவே வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் காட்சி கிடைக்காது என்பது மட்டுமன்று. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர், அவர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்களின் பிள்ளைகள். நீங்கள் பேருந்தில் கடந்துபோகும் அழகிய பச்சைச் சரிவுகளில் கொழுந்து பறிப்பவர்கள் அவர்களுடைய உறவினர்களே. கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் பூங்காவை மூடினால் அதற்காக வருந்த வேண்டாம்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. காற்று குடையை மடக்கிவிடும் என்பதால் மழைச்சட்டை. அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காது மூடும் துணியும். வளைவுகளில் வாந்தி வரும் வழக்கமிருந்தால் அதற்கான மாத்திரையைப் புறப்படும் முன்பே கொடுத்துவிடுங்கள். அந்த உயரத்தில் மூச்சுத்திணறல் பொதுவாக வராது; இதயநோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் பைகளை உள்ளே விடமாட்டார்கள். மேலே இரண்டு மணி நேரம் போதும். இறங்கியபின் மாட்டுப்பட்டி, எக்கோ பாயிண்ட், டாப் ஸ்டேஷன் என்று அடுக்காமல், மூணாறில் சாப்பிட்டு இரண்டு மணிக்குள் புறப்பட்டால் போடிமெட்டை வெளிச்சத்திலேயே இறங்கிவிடலாம்.

தேதியை ஜனவரியின் ஒரு வார நாளுக்கோ, அது முடியாவிட்டால் பூங்கா திறந்தபின் ஏப்ரலின் முதல் வாரத்துக்கோ மாற்றுங்கள் என்பதே என் பரிந்துரை. அலுவலக விடுப்பு பிப்ரவரியில்தான் கிடைக்கும் என்றால், பூங்காவை மறந்துவிட்டு மலையை மட்டும் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஐந்தாம் மைலைத் தாண்டி மறையூர்ச் சாலையிலேயே மேலும் சென்றால் வாகுவரைத் தேயிலைத் தோட்டப் பகுதி வரும். சாலை அங்கே சிகரத்துக்குக் கிழக்கே ஓடுகிறது. ஆகவே காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து நேரே மலைமேல் விழும். பிப்ரவரியில் காற்று தெளிந்திருக்கும் நாட்கள் ஏராளம். தேயிலைக்கு மேலே, இரண்டு கண்ணுக்கும் அடங்கும் அளவில், ஆனைமுடி மத்தகமும் முதுகுமாக முழுதாக எழுந்து நிற்பதை அம்மா காரின் கதவைத் திறந்து வைத்து, இருக்கையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். சாலை குறுகலானது, பேருந்துகள் வேகமாக வரும். வளைவில் நிறுத்தாமல், இடப்பக்கம் மண் அகலமாக இருக்கும் இடம் பார்த்து நிறுத்துங்கள், ஒன்பது மணிக்கு முன் அங்கே இருங்கள்.